உண்டிக்குள் போன சாவி

திருப்பதி உண்டியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது மலையேறிய எல்லாருக்கும் தெரியும். என் அக்கா வீட்டுக்காரர் போட்டதில் சிக்கல் வேறு மாதிரி. அவர் போட்ட பொருள் உள்ளே போய்விட்டது. அதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டதாக அவர் நினைத்த காசோ வெளியே, உலகம் பூராவும் பார்க்கிறபடி, இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அந்தக் காசு இருந்த இடத்தை விட்டு அசையாத வரைக்கும் தன் பேத்திக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் நம்பினார். அதை அசைக்கக்கூடிய இயந்திரம் ஒன்று வரப்போகிறது என்று அவரிடம் போய்ச் சொன்ன மேதாவி நான்தான்.

திருப்பதிக்கு வெளியே, புத்தூர் போகிற ரோட்டில், ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினிப் பாதுகாப்பு நடத்துகிறேன். நடத்துகிறேன் என்றால், தமிழில் யோசித்து, தெலுங்கில் பேசி, ஆங்கிலத்தில் போர்டில் எழுதி, மூன்றிலும் பிள்ளைகளுக்குப் புரியாமல் பார்த்துக்கொள்கிறேன். உடைக்க முடியாத பூட்டுகளைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசுகிற என்னுடைய செல்போனுக்கு என் மனைவியின் பிறந்த நாள்தான் கடவுச்சொல். அதுவும் தப்பான நாள். அவள் ஒருமுறை திறக்கப் பார்த்து, திறக்காமல் போனபோதுதான் இரண்டு பேருக்குமே அது தெரிந்தது. பூட்டு என்னவோ பலமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் வீட்டில் சோறு கிடைப்பதுதான் கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சித்தூரில் மாம்பழக் கூழ் தயாரித்து டப்பாவில் அடைக்கிற ஆலை ஒன்றில் மின்சாரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். பூர்வீகம் நகரி. அங்கே பங்குக்கு வந்த விசைத்தறிக் கொட்டகையை விற்ற கையோடு, ஆலையில் யாரோ சொன்ன பேச்சை நம்பி, அதில் ஒரு பகுதியை டிஜிட்டல் காசாக மாற்றிவிட்டார். வாங்கிக் கொடுத்து, விரல் நீளத்தில் ஒரு சின்னக் கருவியில் அதைப் பத்திரப்படுத்திக் கொடுத்தது நான். பிறகு அந்தக் காசு விலை ஏறியது. ஏறியதில் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை. 'எங்க மச்சான் கம்ப்யூட்டர் வாத்தியார்' என்கிற பட்டம் மட்டும் கிடைத்தது. அதுவரைக்கும் நான் அந்த வீட்டில் 'சீர் செய்யத் துப்பில்லாதவன்'.

இந்தக் காசைக் கையில் தொட முடியாது. பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது, கையெழுத்து மாறிப்போச்சு என்று போய் நிற்க ஒரு ஜன்னல் கிடையாது. மிக நீளமான ஓர் எண்தான் சாவி. மனிதர்கள் அதை நினைவில் வைக்க முடியாது என்பதால் கருவி அதை இருபத்து நாலு ஆங்கிலச் சொற்களாக மாற்றித் தரும். அந்தச் சொற்கள் யார் கையில் இருக்கின்றனவோ, காசு அவருடையது. சொற்கள் போனால் காசு போகாது; அங்கேயேதான் இருக்கும். ஆனால் யாரும் அதைத் தொட முடியாது.

அக்காவுக்கு ஒரே மகள். சத்தியவேட்டில் கட்டிக் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் வேலை. அவளுக்குக் கரு தங்காமல் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் தங்கிய ஒன்று காலம் முடிவதற்குள் அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். என் உள்ளங்கையை விரித்தால் அதில் படுத்துக்கொள்ளும் போல இருந்தது பெண் குழந்தை. டாக்டரம்மா எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. "சூத்தாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தெலுங்கில் பார்க்கலாம் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரி நடையில்தான் மாமா நேர்ந்துகொண்டார். எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட நேரத்தில் முடி கொடுப்பதாக வேண்டிக்கொள்வார்கள். மாமாவிடமிருந்து அதைச் சாமி முப்பது வயசிலேயே முன்பணமாக வாங்கிக்கொண்டுவிட்டார்.

"மச்சான், அந்தக் கம்ப்யூட்டர் காசு மலைக்கு" என்றார்.

"நல்லது மாமா. எவ்ளோ?"

"மொத்தமும்."

"மொத்தமுமா?"

"கொழந்தை மட்டும் பாதியாவா வெளிய வரணும்?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கண்ணாடிப் பக்கம் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

குழந்தை பிழைத்தது. பெட்டியை விட்டு வெளியே வந்து, எடை கூடி, ஒரு நாள் ஊரே கேட்கிறபடி அழுதது. மறுவாரமே மாமா முடுப்பு கட்ட உட்கார்ந்தார். காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன்னால் வைத்து, பிறகு மலைக்குக் கொண்டுபோவதுதான் முடுப்பு. இந்தக் காசை எப்படி முடிவது என்று வீட்டில் மாநாடு நடந்தது.

"வித்து ரூபாயா மாத்தி உண்டியில போட்டுடலாம் மாமா" என்றேன்.

"நேந்துகினது எதை? ரூபாயையா? சேவலை நேந்துகினு முட்டையை எடுத்துகினு போவியாடா?"

கருவியையே போடலாம் என்றால், மின்சாதனம் எதையும் கோயிலுக்குள் விட மாட்டார்கள். மாமாவே வழி கண்டுபிடித்தார். ஒரு செம்புத் தகட்டை வாங்கி, ஆணியால் அந்த இருபத்து நாலு சொற்களையும் அதில் கீறினார். அர்த்தம் தெரியாத ஆங்கிலச் சொற்களை அவ்வளவு பக்தியோடு எழுதியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். தகட்டைத் தாயத்து போலச் சுருட்டினார். கருவியைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துச் சுத்தியால் அடித்துத் தூளாக்கினார்.

"மாமா, அந்த வார்த்தைங்கள ஒரு பேப்பர்லயாவது..."

"நகல் வெச்சிகினு சாமிக்குக் குடுத்தா அதுக்குப் பேரு காணிக்கையா? டூப்ளிகேட் சாவிய மடியில வெச்சிகினு வீட்டை வித்தா மாதிரி."

வகுப்பில் நான் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் எந்தப் பையனும் செய்யாததை அவர் செய்துவிட்டார் என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சுத்தியால் அடிப்பதற்கு முந்தின நாள், மாமா அந்தக் கணக்கிலிருந்து ஒரு துளியை எடுத்து விற்றிருந்தார். எதற்கு என்றால், கங்கம்மாவுக்குப் புடவை எடுக்க. திருப்பதி கங்கம்மா மலையில் இருக்கிறவருக்குத் தங்கை முறை. அவளுடைய ஜாத்திரைத் திருவிழாவுக்கு மலையிலிருந்தே சீர் வரும். தங்கைக்குச் செய்யாமல் அண்ணனுக்கு மட்டும் கொண்டுபோனால் அவர் முகம் கொடுக்க மாட்டார் என்பது எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"கூடப் பொறந்தவளுக்கு மொதல்ல" என்றார் மாமா, என்னைப் பார்த்துக்கொண்டே.

அக்காவும் என்னைப் பார்த்தாள். நான் சாமி படத்தைப் பார்த்தேன்.

சிவப்புக் கரை போட்ட மஞ்சள் புடவை. அக்காவே கடையில் பத்துப் புடவையைப் பிரித்துப் போட்டு எடுத்தாள். அதைச் சாத்திவிட்டு மறுநாள் மலைக்குப் போனோம். மலையடிவாரத்தில் அலிபிரி சோதனையில் ஒருவர் மஞ்சள் துணியை அமுக்கிப் பார்த்து "ஏமிதி?" என்றார். "முடுப்பு" என்றார் மாமா. சோதனைக்காரர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். வரிசையில் நசுங்கி, தள்ளப்பட்டு, உண்டிக்கு முன்னால் வந்ததும் மாமா அதை உள்ளே விட்டார். சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

இந்தக் காசில் ஒரு விசேஷம், எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாமாவுக்குப் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக் கொடுத்ததும் நான்தான். காலையில் எழுந்து, பல் விளக்கி, திருநீறு வைத்துக்கொண்டு, முதலில் அதைப் பார்ப்பார். அப்படியே நிற்கும். சாமி கையில் இருக்கிறது. அப்புறம்தான் மகளுக்குப் போன். "பாப்பா இன்னா பண்றா?" பாப்பா பல் முளைத்திருப்பாள், குப்புற விழுந்திருப்பாள், செருப்பைக் கடித்திருப்பாள். இரண்டையும் அவர் ஒன்றாக முடிந்துவிட்டார் என்பது எங்களுக்கு அப்போது புரியவில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குக் கவலையில்லை. "விலை கெடக்குது. அசையலியே?" என்பார்.

அடுத்த மாம்பழக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போயிருந்தேன். சாப்பாட்டு நேரம். டிவியில் தெலுங்குச் செய்தி. நம் மாநிலத்துக்கே குவாண்டம் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மச்சான் அது?" என்றார் மாமா, பெருமையாக. வீட்டில் ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு தெரியாமல் இருக்கலாமா என்கிற குரல்.

வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கையில் மாம்பழத் துண்டோடு ஆரம்பித்தேன்.

"உங்க சாவிய வெச்சிப் பூட்டு செய்யறது சுலபம் மாமா. பூட்டைப் பாத்து சாவி செய்யறதுதான் முடியாது. இன்னைக்கு உலகத்துல இருக்கற அத்தனை கம்ப்யூட்டரையும் சேத்துக் கட்டி ஓட்டினாலும் சூரியன் அவிஞ்சிடும், வேலை முடியாது. அந்த ஒரு தைரியத்துலதான் எல்லாக் காசும் நிக்குது. இந்த மிஷின் பெருசா வளந்துச்சின்னா, பூட்டைப் பாத்தே சாவி அடிச்சிடும்."

"வந்துடுச்சா?"

"இப்ப இருக்கறது எல்லாம் குட்டி. இதுக்கு ஆகாது. ஆனா எப்படி உடைக்கணும்ங்கற கணக்கைப் போட்டு வெச்சிட்டாங்க. சமையல் குறிப்பு ரெடி, அடுப்புதான் இன்னும் கட்டி முடியல."

மாமா சிரித்தார். "நம்ம பூட்டுதான் யார் கண்ணுக்கும் தெரியாதே? கணக்கு நம்பர்தானே தெரியுது."

"கரெக்ட். அந்த நம்பர் பூட்டு இல்ல, பூட்டைக் கூழாக்கினது. உங்க ஆலையில டப்பாவுல அடைக்கறீங்களே, அந்தக் கூழைப் பாத்து எந்த மரத்துப் பழம்னு சொல்ல முடியுமா?"

"எவனாலயும் முடியாது" என்றார் மாமா, தொழில் கர்வத்தோடு.

"அதேதான். காசு உள்ள வந்துகினு மட்டும் இருந்தா உலகத்துக்குக் கூழ்தான் தெரியும். ஒரே ஒரு தடவை வெளிய எடுத்தோம்னா கையெழுத்துப் போடணும். கையெழுத்துப் போட்டா முழுப் பழத்தையும் சந்தையில தூக்கிக் காட்டினா மாதிரி. அப்புறம் அது அழியாது. ஆயுசுக்கும் அங்கயே கெடக்கும். எவன் வேணா பாத்துக்கலாம்."

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டேன் என்று மாம்பழத்தைக் கடித்தேன். அப்போதுதான் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொடவை" என்றாள்.

புடவைக்காக எடுத்த துளிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தோம். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வேறு செய்திக்குப் போயிருந்தாள். நான் வாயில் இருந்ததை முழுங்கிவிட்டு, அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், ஆகாமலே போனாலும் போகும், பெரிய பெரிய ஆட்களே ஆளுக்கொரு காலம் சொல்கிறார்கள், எவனுக்கும் தெரியாது என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஆனால் பயந்துபோன மனுஷனிடம் 'எவனுக்கும் தெரியாது' என்பதைப் போல மோசமான ஆறுதல் கிடையாது. "சூத்தாம்" என்று சொன்ன டாக்டரம்மாவைப் போலத்தான் நானும் பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் போன் வர ஆரம்பித்தது. வகுப்பு நடுவில் வரும், பஸ்ஸில் நிற்கும்போது வரும்.

"மச்சான், பூட்டை மாத்திட முடியாதா?"

"முடியும் மாமா. புது மாதிரிப் பூட்டு செஞ்சிகினுதான் இருக்காங்க, அந்த மிஷினாலயும் உடைக்க முடியாதது. எல்லாரும் அவங்கவங்க காசை அதுக்கு மாத்திக்க வேண்டியதுதான். ஆனா மாத்தறதுக்கு..."

"அந்த இருபத்து நாலு வார்த்தை வேணும்."

"ஆமா."

நானே ஒரு வழி சொல்லிப் பார்த்தேன்.

"மலையில போய்க் கேட்டுப் பாக்கலாமா மாமா? செம்புத் தகடு..."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? செருப்பால அடிப்பேன்."

இன்னொரு நாள்: "மச்சான், எவனாவது அதை எடுத்துகினான்னா, சாமி அவனைக் கேப்பாரா, என்னைக் கேப்பாரா?"

"அவனைத்தான் மாமா. திருடினவன் அவன்தானே."

"அவன் எங்கயோ கீறான். குடுத்தவன் நான். ஒழுங்கா மூடிக் குடுக்கலியே. ஓட்டைச் சொம்புல தண்ணி மொண்டு குடுத்துட்டு, குடுத்துட்டேன்னு சொல்லிக்க முடியுமா? நேத்திக்கடன் தீந்துச்சா தீரலியா?"

பாதுகாப்புப் பாடத்தில் இதற்கெல்லாம் அத்தியாயம் இல்லை. நான் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிப்பேன். சாமிக்கு அந்த மிஷின் எல்லாம் ஜுஜுபி மாமா என்பேன். அவர் சிரிக்க மாட்டார். என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களை எனக்குப் பழக்கம்தான், தினமும் அறுபது பேரைப் பார்க்கிறேன். ஆனால் மாமா சிரிக்காதது வேறு விதமாக இருந்தது.

அவருக்குச் சொல்வதற்காகவே நான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. பூட்டு வெளியே தெரிந்துவிட்டு, உரிமையாளர் வந்து மாற்றாமல் கிடக்கிற பழைய கணக்குகளை என்ன செய்வது என்று அந்தக் காசின் உலகத்திலேயே சண்டை நடக்கிறது. திருடன் எடுப்பதற்கு முன்னால் நாமே முடக்கிவிடலாம், இனி யாராலும் தொட முடியாதபடி உறைய வைத்துவிடலாம் என்கிறது ஒரு கூட்டம். யாருடைய காசையும் தொட நமக்கு உரிமையில்லை, போகிறது போகட்டும் என்கிறது இன்னொரு கூட்டம். மாமாவின் கணக்கு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. செத்துப்போனவர்களுடைய காசு, சாவியைத் தொலைத்தவர்களுடைய காசு, அவற்றோடு சேர்ந்து சாமியுடைய காசும்.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. அப்படி ஓர் இயந்திரம் தயாரானால் அதை வைத்திருக்கிறவன் டிவியில் வந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். ரொம்ப நாளாக யாரும் தொடாத ஒரு கணக்கு ஒரு காலையில் காலியாக இருக்கும். அடுத்த வாரம் இன்னொன்று. சாவியைக் கண்டெடுத்துவிட்டார்கள் போல என்று உலகம் நினைக்கும். கேட்க ஆளில்லாத வீட்டில்தான் முதலில் கை வைப்பான். சித்தூரில் ஒரு மனிதர் தினமும் காலையில் திருநீறு பூசிக்கொண்டு காவலுக்கு நிற்பது அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குத்தான்.

ஒரு நாள் காலை அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

"மச்சான், அசைஞ்சிடுச்சி."

அவசரத்தில் கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டு, அதாவது சரியான பிறந்த நாளைப் போட்டு, மறுபடி போட்டுத் திறந்தேன். காசு அப்படியேதான் நின்றது. குறையவில்லை. ஒரு துளி கூடியிருந்தது. எங்கிருந்தோ, முகம் தெரியாத ஒரு கணக்கிலிருந்து, மிட்டாய்கூட வாங்க முடியாத அளவு ஒரு பொடி.

"போகல மாமா, வந்திருக்குது."

"யார்ரா அனுப்புவான்? இன்னாத்துக்கு?"

இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கணக்குகளுக்குப் பொடிக் காசைத் தூவிவிட்டு, எது அசைகிறது, எதில் ஆள் இருக்கிறது என்று பார்ப்பார்கள். இதற்கும் அந்த இயந்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை. சாதாரணத் திருடர்களின் சாதாரண வேலை. அதை நான் மாமாவுக்குச் சொன்ன விதம்தான் என் ராசி.

"கதவைத் தட்டிப் பாக்கறான் மாமா, உள்ள ஆள் கீதான்னு. அவ்ளோதான்."

அன்று மத்தியானம் சத்தியவேட்டிலிருந்து போன். பாப்பாவுக்குக் காய்ச்சல், திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். ஊரெங்கும் பரவியிருந்த காய்ச்சல்தான். மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு மாமா சித்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்து டாக்டர் அவருக்குத்தான் முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: துளி வந்தது எப்போது, காய்ச்சல் வந்தது எப்போது என்று. படித்தவன்தானே, கணக்கு சீக்கிரம் வந்தது.

அக்கா தாங்க முடியாமல் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் குழந்தைக்கு ஊசி போட வந்த அக்கா மகள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். பாப்பா என் புத்தக அலமாரியில் எட்டினதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நைனா தூங்கறதே இல்லியாம், தெரியுமா மாமா?" என்றாள், அவள் அப்பாவைப் பற்றி. "ஆலையில மெயின் சுச்சைப் போட்டுட்டு எதுக்குப் போட்டோம்னு நின்னுகினு இருந்தாராம். கரண்டு வேலை மாமா அது."

"நான் பேசறேன்மா."

"நீங்க பேசித்தான் இந்த கதி. எம் புள்ளைய யாரைக் கேட்டு அந்த நம்பர்ல கட்டினீங்க? அவளுக்குச் சளி புடிச்சா பனிக் காத்துன்னு சொல்ல மாட்டேன்றாரு. போனைப் பாக்கறாரு. எவனோ ஊரு பேரு தெரியாதவன் ஒரு மிஷினை வெச்சிகினு என்னைக்காவது ஒரு நாள் அதை எடுப்பான். எடுத்தா? அன்னைக்கு எங்க நைனா இன்னா ஆவாரு?"

"எடுக்க மாட்டான்மா. அதுக்கு இன்னும்..."

"எடுப்பானா, மாட்டானா? ஒழுங்கா சொல்லுங்க."

இந்தப் பெண் என் மாணவியாக இருந்திருக்கலாம். "எப்பனு தெரியாது. ஆனா அந்த மிஷின் வந்தா, எடுப்பான்" என்றேன்.

"அப்போ பொய் சொல்லுங்க."

"கண்டுபுடிச்சிடுவாரு."

"உண்மைய சொன்னாத்தான் உங்களை யாரும் நம்பறதில்ல. பொய்யா ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

எனக்கு உடனே சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

சித்தூருக்கு எல்லாருமாகப் போனோம். முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா மாமாவின் மடியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். நான் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். புதுப் பூட்டு வந்துவிட்டது, எல்லாக் கணக்குக்கும் தானாகவே மாற்றிவிட்டார்கள், இனி எந்த மிஷின் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று. வகுப்பில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

மாமா பாப்பாவின் வாயிலிருந்து எதையோ எடுத்துப் போட்டார்.

"சாவி இல்லாமயே பூட்டை மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க மாமா."

"வந்து கேக்காதவங்களுதும்?"

"எல்லாருதும்."

"நீதானே சொன்ன, சாவி இல்லாம எதுவும் முடியாதுன்னு?"

"அது பழைய கதை மாமா. இப்ப வேற வழி கண்டுபுடிச்சிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நம்ப வேண்டும் என்கிற ஆசை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. அதனால்தான் அவருக்கு இன்னும் ஒன்று தேவைப்பட்டது.

"பாப்பா தலையில கைய வெச்சி சொல்லு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் அக்கா மகளைப் பார்த்தேன். பொய் சொல்லச் சொன்னவள் அவள்; யாரைக் கேட்டுக் குழந்தையை நம்பரில் கட்டினீர்கள் என்று கேட்டவளும் அவள். அவளுடைய கை குழந்தையை இழுத்துக்கொள்ளப் பாதி தூரம் நீண்டுவிட்டு அங்கேயே நின்றது. அவள் அதைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

ஒரு ஜோக் வரும் என்று காத்திருந்தேன். எப்போதும் வரும். செத்த வீட்டில் வந்திருக்கிறது, என் கல்யாண மேடையில் வந்திருக்கிறது. அன்று வரவில்லை.

கையை வைத்தேன். விளையாடிய சூட்டில் அந்தத் தலை வெதுவெதுப்பாக, வியர்த்து, மயிர் ஒட்டிப்போய் இருந்தது. உச்சியில் இன்னும் கொஞ்சம் மென்மை இருந்தது, துடிப்பு விரலுக்குத் தெரிந்தது.

"மாத்திட்டாங்க மாமா" என்றேன்.

மாமா மூச்சு விட்டார். எத்தனை நாள் மூச்சோ. "சரி" என்றார். "அப்ப சரி." எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அக்காவிடம் காபி கேட்டார். அக்கா மகள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, முந்தானை நுனியால் அதன் உச்சந்தலையைத் துடைத்துவிட்டாள். இரண்டு முறை துடைத்தாள்.

அதிலிருந்து மாமா தூங்குகிறார். போனில் அந்தப் பக்கத்தை அவரே எடுத்துவிட்டாராம். "மச்சான் சொன்னப்புறம் எனக்கு இன்னா" என்று ஆலையில் எல்லாரிடமும் சொல்கிறாராம். என் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பு வாழ்க்கையில் எப்போதும் இருந்ததில்லை.

அந்தப் பக்கம் இப்போது என் போனில் இருக்கிறது.

நான் சாமி கும்பிடுகிறவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மலைக்குப் போனால் லட்டுக்காகப் போகிறவன். பொடிக் காசுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் கிடையாது என்று எந்த மேடையிலும் நிரூபிக்கத் தயார். இருந்தாலும், காலையில் எழுந்ததும் கை தானாகப் போகிறது. எங்கோ ஒரு நாட்டில் அந்த இயந்திரம் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததாகப் பேப்பரில் வந்தால் அன்று இரண்டு முறை பார்க்கிறேன். வகுப்பில் போன வாரம் ஒரு பையன் எழுந்து, "சார், அது வர எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன் என்று சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்கள். நான் போர்டை அழிக்க ஆரம்பித்தேன்.

இன்று காலையும் பார்த்தேன். காசு அப்படியே நின்றது. அதற்குக் கீழே, புதிதாக, இன்னொரு பொடி வந்து விழுந்திருந்தது. வேறொரு கணக்கிலிருந்து.

சத்தியவேட்டுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா எப்டி கீறா?"

"தூங்கறா மாமா." அக்கா மகளின் குரலில் தூக்கம் இருந்தது. "இன்னா, விடிஞ்சதும் விடியாததுமா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"வந்துகீதா மாமா?" என்றாள். தூக்கம் போயிருந்தது.

"ஒரு துளிதான்."

"நெத்தியத் தொட்டுப் பாக்கட்டுமா?"

"பாரு" என்றேன்.

போனை எதன்மேலோ வைத்துவிட்டு அவள் உள்ளறைக்கு நடந்து போகிற சத்தம் கேட்டது.